தோட்டத்து ஊரில் கலைத்தொழில்: உடலையும் மனத்தையும் அன்றாடம் காக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைப் போன்ற ஓர் ஊரில் கலையை வைத்துப் பிழைப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கல்யாண வீடியோ எடுப்பவர், அதை இரவெல்லாம் உட்கார்ந்து தொகுப்பவர், மருதாணி போடும் பெண், மாலை கட்டும் குடும்பம், உறுமி மேளக் குழு, மணமேடை அலங்காரம் செய்பவர், பரதம் சொல்லித் தருபவர், பேனர் வடிவமைப்பவர், நிகழ்ச்சி அறிவிப்பாளர், வானொலிக்கும் பத்திரிகைக்கும் எழுதுபவர் என்று பட்டியல் நீளும். பலர் பகலில் தொழிற்சாலையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் இதைச் செய்கிறார்கள். சிலருக்கு இதுதான் முழுநேர வருமானம். இந்த வழிகாட்டி அவர்கள் எல்லாருக்கும்.

கம்பெனி வேலையில் காய்ச்சல் வந்தால் எம்சி என்ற மருத்துவ விடுப்பு உண்டு. நமக்குக் கை வலித்தால் அன்றைக்கு வருமானம் இல்லை, அவ்வளவுதான். கையும் கண்ணும் குரலும் காதும்தான் நம் முதல் போட்ட சொத்து. ஆனால் கேமராவைத் துடைத்து, பையில் வைத்து, ஈரம் படாமல் காக்கிற அளவுக்குக்கூட நாம் தோள்பட்டையைக் கவனிப்பதில்லை.

நம் தாத்தா பாட்டிகளின் ரப்பர் தோட்டத்து வேலை கடுமையானது. கூலி குறைவு, நேரத்தைத் தீர்மானித்தவர் துரை. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெயில் ஏறும் முன் மரத்தில் பால் வெட்டி முடிப்பது, பாலை நிறுத்துக் கொடுத்ததும் அன்றைய கணக்கு முடிந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்குத் துரையும் இல்லை, பெரட்டும் இல்லை. அதனாலேயே வேலை எந்நேரமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கலைத்தொழில் செய்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது கேமரன் மலைக்கு ஒரு நாள் போய்வருவதில் தொடங்குவதில்லை. நாளுக்கு வரம்பு கட்டுவதில் தொடங்குகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

முதல் படி: நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வையுங்கள்

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து மட்டும் வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது வேலையில் உட்கார்ந்தீர்கள், எந்த நேரத்தில் கை தானாக ஓடியது, எந்த நேரத்தில் ஒரே வரியை மூன்று முறை அழித்தீர்கள். ஒரு சின்னக் குறிப்பேடு போதும். வார முடிவில் படித்துப் பார்த்தால் உங்களுக்கு நன்றாக வேலை ஓடும் இரண்டு மூன்று மணி நேரம் தனியாகத் தெரியும். பெரும்பாலும் அது காலையாக இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்குத்தான் மனம் அமைகிறது என்பவர்களும் உண்டு. இரண்டும் சரிதான்.

அந்த நேரத்தை உருவாக்கும் வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். புலனத்துக்கு (வாட்ஸ்அப்) பதில் போடுவது, பில் எழுதுவது, பொருள் வாங்கப் போவது எல்லாம் மற்ற நேரத்துக்கு. நாள் தொடங்கியவுடன் செய்திகளைத் திறந்தால் அடுத்தவரின் அவசரம் உங்கள் நாளை எடுத்துக்கொள்ளும்.

முடிவு நேரம்தான் கடினம். இரவு எட்டு என்று வைத்தால் எட்டு மணிக்குக் கணினியை மூடி, மறுநாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த ஒரு வரி முக்கியம். எழுதாவிட்டால் படுக்கையில் மனம் அதையே உருட்டிக்கொண்டிருக்கும். புலனத்தின் வணிகக் கணக்கில், வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும் வசதி உண்டு. "வணக்கம், உங்கள் செய்தி கிடைத்தது. நாளை காலை பத்து மணிக்கு மேல் பதில் சொல்கிறேன்" என்று போட்டுவையுங்கள். இதனால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இரவு பதினொன்றுக்குக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குக் காலையில் பதில் கிடைத்தால் போதும். பார்த்துவிட்டோம் என்பது தெரியாததுதான் அவர்களின் தவிப்பு.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. கல்யாணங்கள் ஞாயிறில் வருவதால் நம் ஓய்வு திங்களாகவோ செவ்வாயாகவோ இருக்கலாம். பால் மரத்தை இடைவிடாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும், அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கற்பனைக்கும் அதே கணக்குத்தான்.

இரண்டாம் படி: உங்கள் தொழில் உடம்பில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்

எல்லாருக்கும் பொதுவான உடற்பயிற்சி அறிவுரை எளிதில் கிடைக்கும். எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது வேறு: உங்கள் தொழில் எந்த இடத்தைத் தேய்க்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை முதலில் கவனிப்பது.

கணினி முன் தொகுப்பவர்களுக்கும் வடிவமைப்பவர்களுக்கும் கண்தான் முதலில் சோரும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, அதனால் கண் வறண்டு எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்ப்பது எளிய விதி. 20 அடி என்றால் ஏறக்குறைய ஆறு மீட்டர். ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டால் எதிர்வீட்டுக் கூரையோ செம்பனை வரிசையோ போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் அதை நாலைந்து தடித்த புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுத் தனி விசைப்பலகையும் மவுசும் வாங்குவது நல்லது. இந்த ஒரு செலவு கழுத்தைப் பல வருடம் காக்கும்.

கை வலியில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்திருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய், இரவில் அது அதிகமாகி, கையை உதறினால் கொஞ்சம் குறைகிறது என்றால் மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. சுண்டுவிரலில் அந்த மரமரப்பு பொதுவாக வராது. அதுவே அடையாளம். இரண்டாவது, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு ஓரமாக வரும் வலி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுருக்கென்று இழுக்கும். மருதாணிக் கூம்பை மணிக்கணக்கில் அழுத்துபவர்களும் கைப்பேசியிலேயே வீடியோ தொகுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் தொடக்கத்தில் ஓய்வு நன்றாக உதவும். முதலாவதற்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும், இரண்டாவதற்குக் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் பட்டையும் போடலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் ஊசி, அறுவை என்று போகும். தைலம் தேய்த்துச் சமாளித்துக்கொண்டே போவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

மருதாணி போடுபவர்களுக்கு இன்னொரு செய்தி. "கறுப்பு மருதாணி" என்று விற்கும் சிலவற்றில் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அது தோலைக் கொப்புளிக்க வைக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் முடிச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மணப்பெண்ணுக்கு வருவது ஒரு தடவை. போடுகிற உங்கள் விரலுக்கோ அது வாரா வாரம். மருதாணியைச் சொந்தமாகக் குழைப்பதே பாதுகாப்பு.

மாலை கட்டுபவர்கள் தரையில் சம்மணமிட்டு நாலைந்து மணி நேரம் குனிந்திருப்பார்கள். ஒரு மடித்த போர்வைமேல் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்து முதுகு தானாக நிமிரும். பூக்கூடையை மடிக்கு நேராக, ஒரு சின்ன ஸ்டூல்மேல் வையுங்கள். நாரோ நூலோ விரலை அறுக்கும் இடத்தில் துணிப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வதை வேலை தொடங்கும் முன்பே செய்யுங்கள். சாமந்தி கேமரன் மலையிலிருந்து வரும்போது பூச்சி மருந்தும் கூடவே வரலாம். சோப்பு போட்டுக் கை கழுவாமல் பசியாற உட்காராதீர்கள்.

பரதம் ஆடுபவர்கள், சொல்லித் தருபவர்கள்: சிமெண்டுத் தரையிலும் அதன்மேல் ஒட்டிய ஓட்டிலும் தட்டடவு போட்டால் அதிர்ச்சி முழுக்க முழங்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் போகும். தாமான் (குடியிருப்பு) வீட்டின் முன்கூடத்தில் வகுப்பு நடத்துகிறவர்கள் பலகையோ ரப்பர் விரிப்போ போட்டே ஆக வேண்டும். உங்களுக்காகக் கேட்கத் தயங்கினால், மாணவிகளின் காலுக்காகப் பெற்றோரிடம் கேளுங்கள். ஆசிரியர் ஒவ்வொரு அடவையும் முழுவேகத்தில் செய்துகாட்ட வேண்டியதில்லை. வகுப்புக்கு இரண்டு முறை முழுதாக, மற்ற நேரம் கையால் காட்டி, வாயால் சொற்கட்டுச் சொன்னால் போதும்.

உறுமி மேளக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. காது கேட்கும் திறன் போனால் திரும்பாது. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்பில் பின்பற்றும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஒரு தேர் ஊர்வலம் எவ்வளவு நேரம் போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வாசித்து முடித்தபின் காதில் "ங்ங்" என்று ரீங்காரம் கேட்டால், எதிரே பேசுபவர் பஞ்சுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தால், அன்று எல்லை தாண்டிவிட்டது. இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறார்கள். அது தாளத்தைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும். அது கிடைக்கும்வரை மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். குழுத் தலைவர் முதலில் போட்டால் பையன்கள் தாமாகப் போடுவார்கள். ஊர்வலத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் நிற்பவரைப் பாதி வழியில் மாற்றிவிடுங்கள்.

குரலால் பிழைப்பவர்களுக்கு: தொண்டையைக் கனைத்துச் சரிசெய்வதை விட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். குரல் கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். கிசுகிசுப்பும் குரல்நாணுக்கு வேலைதான், பேசாமல் இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான்.

அலங்கார வேலைக்காரர்கள் போலிஸ்டிரீன் பலகையைச் சூட்டுக் கம்பியால் அறுக்கும்போதும் சாயம் தெளிக்கும்போதும் வாசல் கதவு திறந்திருக்கட்டும், மின்விசிறி புகையை வெளியே தள்ளட்டும். படப்பிடிப்பாளர்கள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிடுவதற்குப் பதிலாக இரு தோளிலும் எடை பகிரும் பட்டை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: சாப்பாடு, தண்ணி, தூக்கம்

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இது அதிகம் என்பதை அந்த ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. நம் வேலையோ இதற்கு வழி திறந்துவிடுகிற வேலை: பசியாறாமல் ஓடுவது, மத்தியானம் தே தாரிக் என்ற இனிப்பான பால் தேநீரோடு சமாளிப்பது, இரவு பதினொன்றுக்குக் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிடுவது.

பெரிய உணவுத் திட்டமெல்லாம் வேண்டாம், அது இந்தத் தொழிலில் நிற்காது. மூன்று பழக்கம் போதும். ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன் பசியாறுங்கள், இரண்டு இட்லியாக இருந்தாலும் சரி. இரண்டு, ஒட்டுக்கடையில் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்கப் பழகுங்கள். இரண்டு மாதம் கழித்து சர்க்கரையும் பாலும் இல்லாத "தே ஓ கோசோங்" கூடப் பிடித்துப்போகும். மூன்று, நிகழ்ச்சி நாளில் சொந்தத் தண்ணீர்ப் போத்தலும் வேகவைத்த கடலையோ வாழைப்பழமோ பையில் இருக்கட்டும். ஒப்பந்தம் பேசும்போதே "குழுவுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு" என்று சொல்லிவையுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 40 வயதைத் தாண்டி, எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுபவராகவோ அவருடைய துணையாகவோ இருந்தால், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. திங்கட்கிழமை ஓய்வு என்று வைத்தவர்களுக்கு இதற்கு வசதியான நாளும் அதுதான்.

தூக்கத்தில் எனக்குப் பெரிய கவலை ஒன்று. திருவிழா முடிந்து அதிகாலை மூன்று மணிக்கு மோட்டாரில் தனியாக வீடு திரும்பும் பையன்கள். பதினெட்டு மணி நேரம் விழித்திருந்த உடம்பு கண்ணைத் திறந்துகொண்டே சில நொடி தூங்கும். இருட்டான தோட்டச் சாலையில் அது போதும். இரவு பன்னிரண்டுக்கு மேல் முடியும் வேலைக்கு ஒரு வேன் பேசுங்கள், அல்லது அங்கேயே படுத்துவிட்டு விடிந்தபின் கிளம்புங்கள். நம் பக்கத்தில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது, நாலு மணி நேரத் தூக்கம் தாராளமாகக் கிடைக்கும். அந்த வேன் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வெயிலும் புகைமூட்டமும்

மத்தியானம் துத்தநாகக் கூரையின் கீழ் வேலை செய்பவர்கள் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை கனமான வேலையைத் தவிர்க்கப் பாருங்கள். நடப்பதற்கு மாலை ஆறரை நல்ல நேரம், ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீட்டைக் கைப்பேசியில் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் ஆட்டப் பயிற்சியையும் வெளிப்படப்பிடிப்பையும் குறைக்க வேண்டும், 200-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

ஐந்தாம் படி: "நம்ம பிள்ளைதானே" என்பதற்குப் பதில் வைத்திருங்கள்

பெருநகரத்துக் கலைஞருக்கு எழுதிய எந்த அறிவுரையிலும் இது இருக்காது. நம் ஊரில் வாடிக்கையாளர் என்று தனியாக யாரும் இல்லை. அம்மாவோடு தோட்டத்தில் ஒரே லயத்தில் (வரிசை வீட்டில்) வளர்ந்தவர், பள்ளி ஆசிரியை, கோயில் செயலாளர், மாமாவின் நண்பர் எல்லாரும் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்பு உண்மை. அதனால்தான் மறுப்பது இவ்வளவு கனக்கிறது. பலர் களைத்துப்போவது வேலையின் அளவால் இல்லை. வாயில் வந்த விலையைச் சொல்ல முடியாமல் விழுங்கி, மனத்தில் கசப்போடு அந்த வேலையைச் செய்வதால்.

விலையை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் மருந்து. ஒரு பக்கத்தில் உங்கள் விலைப்பட்டியல், முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், எத்தனை நாளில் கிடைக்கும் என்று தெளிவாக எழுதிப் படமாக்கிக் கைப்பேசியில் வையுங்கள். கேட்டவுடன் அதை அனுப்பிவிடலாம். விலையை நீங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பட்டியல் சொல்கிறது. பெரியவர்களும் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் வார்த்தைகள். தயாராக இருந்தால் நாக்கு தடுமாறாது. மருதாணிக்கு அழைக்கும் பெரியம்மாவிடம்: "பெரியம்மா, வர்ற ஞாயிறு எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கு. சனிக்கிழமை காலையில வந்து பொண்ணுக்கு மட்டும் நான் போட்டுடறேன். மத்தவங்களுக்கு வேணும்னா இன்னொரு பிள்ளையக் கூட்டி வர்றேன், ஆளுக்கு இவ்ளோன்னு ஆகும்." வீடியோவை ஐந்தாவது முறை மாற்றச் சொல்லும் அண்ணனிடம்: "அண்ணே, ரெண்டு திருத்தம் விலையில சேர்ந்தது. இது அதுக்கு மேல போகுது, ஒவ்வொன்னுக்கும் தனியா ஆகும். எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா எழுதி அனுப்புங்க, ஒரே தடவையில முடிச்சிடலாம்." கடைசி வாக்கியம் கதவைத் திறந்துவைக்கிறது. வெறும் "முடியாது" நம் ஊரில் நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும். "முடியாது, ஆனால் இப்படிச் செய்யலாம்" என்பது போகாது.

முன்பணம் இல்லாமல் தேதியை உறுதி செய்யாதீர்கள். பாதி கேட்பது நியாயம். சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள். தள்ளுபடி கொடுக்க விரும்பினால் கொடுங்கள், ஆனால் பில்லில் முழு விலையை எழுதி, தள்ளுபடியைக் கழித்துக் காட்டுங்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இலவசமாகச் செய்வதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம்மில் பலர் முதன்முதலில் மேடை ஏறியதே அங்குதான். ஆனால் வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்: இந்த ஆண்டு எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிக்கு, எத்தனை வேலை. அந்த அளவு முடிந்தபின் கேட்பவருக்கு "இந்த வருஷக் கணக்கு முடிஞ்சிருச்சு ஐயா, அடுத்த வருஷத்துக்கு உங்க கோயிலை முதல்ல எழுதிக்கிறேன்" என்று மனம் உறுத்தாமல் சொல்லலாம். சொன்னால் எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

ஆறாம் படி: ஆடிக்கும் மார்கழிக்கும் காசு ஒதுக்குங்கள்

இரவில் தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் வாடகையாக இருக்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் உதவாது. பண ஏற்பாடும் நம்மைப் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததே.

நம் தொழிலின் வருடம் பஞ்சாங்கத்தோடு ஓடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மணமேடைக்காரர்களுக்கும் வீடியோக்காரர்களுக்கும் அது வறண்ட காலம். அதே ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்களால் மேளக் குழுவுக்கு ஓய்வே இருக்காது. உங்கள் வறண்ட மாதங்கள் எவை என்று கடந்த ஆண்டின் தேதிப் புத்தகத்தைப் பார்த்துக் குறியுங்கள். வரும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒன்றையோ ஐந்தில் ஒன்றையோ, முடிந்த அளவு, தனிக் கணக்கில் போடுங்கள். முதல் இலக்கு ஒரு மாத வீட்டுச் செலவு.

பிறகு இரண்டு ஏற்பாடுகள். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் செய்வோருக்கான பாதுகாப்புத் திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. தொடக்கத்தில் டாக்சி, கிராப் போன்ற வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு மட்டும் இருந்தது, 2020 முதல் கலைத்துறையினரும் சேரலாம். மிகச் சிறிய திட்டத்துக்கு ஆண்டுக்கு 157.20 வெள்ளி. வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்தாலும், வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும், சிகிச்சையும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகையும் கிடைக்கும். மணமேடைக்காரர்கள் இதை இந்த மாதமே செய்ய வேண்டும் என்பேன்.

மற்றது ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். முதலாளி இல்லாத 60 வயதுக்குட்பட்டவர்கள் தாங்களாகவே பணம் போடலாம். 2025 முதல், போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்க்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000 வெள்ளி. மாதம் 50 வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 600, அதற்கு மேல் 120 சும்மா வருகிறது. முழு 500-ஐயும் பெற 2,500 போட வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சிறு தொகையின் பலத்தை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சின்னச் சின்னத் தொகைகளைச் சேர்த்துத்தான் தோட்டங்களையே வாங்கியது.

ஏழாம் படி: மனத்துக்கு ஆள் வேண்டும்

பெரிய நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காரணமில்லாமல் ஒரு வெறுமை வரும். பலவாரப் பரபரப்பு சட்டென்று அடங்குவதால் வருவது அது. திறமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாளில் புதிய வேலை எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், பழைய வேலையைத் திரும்பப் பார்த்துக் குறை எண்ணவும் வேண்டாம்.

முகநூலில் வரும் கருத்துகளை வாரத்தில் ஒரு நேரத்தில் மட்டும் படியுங்கள். படிக்கும்போது கூடவே ஒருவர் இருந்தால் நல்லது. சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருபது பேர் குழு செய்த வீடியோவைத் தனியாளாக நீங்கள் செய்ததோடு ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. அவர்கள் ஒளியை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஊரில் அதே தொழிலில் இருப்பவரைப் போட்டியாளர் என்று ஒதுக்காதீர்கள். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசினால் விலை, பணம் தராதவர், புதிய கருவி எல்லாம் தெரியவரும். காய்ச்சல் வந்தால் உங்கள் வேலையை எடுத்துச் செய்யவும் அவர்களே வருவார்கள்.

"எப்பதான் ஒழுங்கா ஒரு வேலைக்குப் போவே?" என்று வீட்டில் கேட்பது வலிக்கும். அப்பா பார்த்த உலகத்தில் மாதச் சம்பளம் இல்லாத வீடு பட்டினி கிடந்தது. அந்தப் பயம்தான் பேசுகிறது. வாக்குவாதத்தைவிட ஆறு மாத வரவு செலவை எழுதிக் காட்டுவது அவருக்கு ஆறுதல் தரும்.

வாரத்தில் ஒரு மணி நேரம், யாரும் கேட்காத, விற்காத ஒன்றைச் செய்யுங்கள். மணமேடைக்காரர் களிமண் பிடிக்கலாம், பேனர் வரைபவர் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகத்தை வரையலாம். கை இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தது என்பது அப்போது நினைவுக்கு வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த வேலையிலேயே பிடிப்பு இல்லாமல் போனால் அதை "மூட் சரியில்லை" என்று தள்ள வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம் விட்டுப் பேசக் காதுகொடுக்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று கேட்கலாம். உயிரை விடத் தோன்றினால் வெளியில் சொல்லச் சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு 309-ஐ 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

தொடங்குவது எப்படி, நெருக்கடியில் எதை விடாமல் இருப்பது

இத்தனையையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் வியாழனுக்குள் நின்றுவிடும். முதல் வாரம் குறிப்பேடு மட்டும். இரண்டாவது வாரம் முடிவு நேரம். மூன்றாவது வாரம் உங்கள் தொழில் தேய்க்கும் இடத்துக்கு ஒரே ஒரு மாற்றம்: போர்வையோ காதடைப்பானோ மணிக்கட்டுப் பட்டையோ. விலைப்பட்டியலை நான்காவது வாரம் எழுதுங்கள், அடுத்த மாதம் சொக்சோவைப் பாருங்கள்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய மூன்று வாரங்களில் எந்தத் திட்டமும் முழுதாக நிற்காது. அப்போது நாலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பசியாறாமல் கிளம்புவதில்லை, ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து தூங்குவதில்லை, நள்ளிரவுக்கு மேல் மோட்டார் ஓட்டுவதில்லை, முன்பணம் இல்லாமல் புதிய வேலை எடுப்பதில்லை. பண்டிகைக்கு மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் தேதிப் புத்தகத்தில் இப்போதே கோடு போட்டு அடைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.